அச்சம் தெளிந்த சிற்றுயிர்: சப்ரகமுவத் தோட்டங்களில் சில நாட்கள்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பஸ் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து வளைந்து வளைந்து இறங்கும்போது, மலைநாட்டுக் குளிர் நம்மை விட்டு விலகுவதையும், ஈரம் கலந்த ஒரு வெதுவெதுப்பு வந்து சூழ்வதையும் உணரலாம். அதுதான் சப்ரகமுவ மாகாணத்தின் வாசல். கேகாலை, இரத்தினபுரி என்னும் இரண்டே மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் 1889ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இரத்தினபுரி என்றதும் எல்லோருக்கும் மாணிக்கக் கல்தான் நினைவுக்கு வரும். கேகாலைக்கோ இறப்பர்தான் அடையாளம். 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் முதன்முதலாக நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இன்று இக்குன்றுகளை எல்லாம் போர்த்தி நிற்கின்றன.

மாவனல்லையிலும் ஹெம்மாத்தகமையிலும் நம்மவர்கள் நெருங்கி வாழ்கின்றனர். கேகாலையில் பிரதான சாலையை விட்டுப் பிரிந்து புளத்கொஹுபிட்டிய வழியாகத் தெற்கே சென்றால், ஊர்கள் சிறுத்துத் தோட்டங்கள் பெருகுகின்றன. ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு கோவில், ஒரு பன்சலை. அதற்கப்பால் மரங்களும் லயங்களும்தான். விடியுமுன் பெண்கள் தலையில் விளக்கோடு பால் வெட்டப் புறப்படுவார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். மரத்தில் கட்டிய சிரட்டையில் அது சொட்டுச் சொட்டாக விழும். மழை பெய்துவிட்டால் அன்றைய வெட்டு இல்லை, கூலியும் குறைந்துவிடும். இத்தகைய ஒரு தோட்டத்தின் ஓரத்தில்தான் என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மச்சானுக்குச் சில்லறைக் கடை. அரபுக் கல்லூரியில் பெருநாள் விடுமுறை விட்டதும் நான்கு நாட்கள் அங்கே தங்கப் போனேன்.

சகோதரிகளே! நான் எழுதப் போவது மாணிக்கத்தைப் பற்றியோ இறப்பரைப் பற்றியோ அல்ல. ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும் சிற்றுயிர் ஒன்றைப் பற்றியும், அதன் அச்சத்தைத் தெளிய வைத்த ஒரு பதினான்கு வயதுப் பெண் பிள்ளையைப் பற்றியும்தான்.

தூர தேசத்து விருந்தாளி

என் மருமகளுக்கு அவளுடைய சாச்சா கொழும்பிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பிராணி அது. 'சுகர் கிளைடர்' என்று பெயர். சாம்பல் நிறம், நெற்றியிலிருந்து முதுகு நெடுகக் கறுப்புக் கோடு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கருவிழிகள். பார்த்தால் அணில் என்றே சொல்வோம். ஆனால் அணில் இனத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது கங்காருவைப் போல் வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் இனம். ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும் இதன் சொந்த நாடு. கருவுற்றுப் பதினாறே நாட்களில் ஓர் அரிசி மணி அளவில் குட்டி பிறந்துவிடும். அது தானாகவே ஊர்ந்து தாயின் பைக்குள் புகுந்து, இரண்டு மாதங்களுக்கும் மேலாக அங்கேயே வளரும். அல்லாஹ்வின் படைப்பில்தான் எத்தனை விந்தைகள்!

முன்னங்காலின் சுண்டு விரலிலிருந்து பின்னங்கால் வரை இதற்கு ஒரு மெல்லிய தோல் மடிப்பு உண்டு. மரத்திலிருந்து பாயும்போது அதை விரித்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தூரம் வரை காற்றில் மிதந்து போகும். பகல் முழுதும் உறங்கி இரவில் விழித்திருக்கும். மரப்பிசின், பூந்தேன், பூச்சிகள் ஆகியவையே இதன் உணவு. காட்டில் ஒரே பொந்தில் ஆறேழு உயிர்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு வாழும். தன் கூட்டத்தாரை அது அடையாளம் காண்பது முகத்தால் அல்ல, வாசனையால். இந்த ஒரு செய்தியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் திறவுகோல்.

அது வந்த அன்று வீடே கூடி நின்றதாம். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு கை கூட்டுக்குள் நுழைந்தது. அதுவோ மூலையில் ஒடுங்கி, பின்னங்கால்களில் எழுந்து நின்று, நூறு சில்வண்டுகள் ஒன்றாய்க் கத்தியதைப் போல ஒரு சத்தம் எழுப்பியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் தங்கச்சியின் விரலைக் கடித்தும்விட்டது. "இது கெட்ட சாதி. கொண்டு போய்க் குடுத்துடுங்கோ" என்று அவள் சொல்லிவிட்டாள். பிள்ளை அழுதது.

அப்போதுதான் பிள்ளையின் வாப்பும்மா வாய் திறந்தார். எழுபதைக் கடந்தவர், கையில் தஸ்பீஹ் மணியோடு சாய்வு நாற்காலியில் இருப்பவர். "புது மருமகள் வந்த அன்டைக்கே ஊரெல்லாம் சுத்தி நின்டு தொட்டுப் பார்த்தா அவளுக்கு எப்பிடி இரிக்கும்? இதுக்கும் அப்பிடித்தான். பயத்துல கத்துது; கோவத்துல இல்ல. கொஞ்ச நாளைக்கு அத அதும்பாட்டுல விடுங்கோ" என்றாராம்.

அச்சத்தைக் கோபம் என்று நினைத்துவிடுவது மனிதர்களிடத்திலும் நாம் காண்பதுதான். இந்தப் பிராணி எழுப்பும் சத்தம் ஒரு மன்றாட்டு. காட்டில் ஆந்தை மேலிருந்து பாய்ந்துதான் இதைக் கவ்வும். மேலிருந்து இறங்கும் மனிதக் கையும் அதன் கண்ணுக்கு ஆந்தையின் நகமாகவே தெரியும்.

துணி, பை, நுளம்பு வலை

அன்று முதல் அந்தப் பிள்ளை செய்ததை அவள் வாயாலேயே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாரும் அவளுக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. சிலதைப் படித்து அறிந்தாள். சிலதை வாப்பும்மாவிடம் கற்றாள். மிகுதியைப் பொறுமை கற்றுக் கொடுத்தது.

முதல் வாரம் அவள் கூட்டுக்குள் கை வைக்கவே இல்லை. தான் இரவில் உடுத்திய பருத்திச் சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அது உறங்கும் பைக்குள் போட்டாள். இரண்டு நாளுக்கொரு முறை புதிய துண்டு. உறங்கும்போதெல்லாம் அவளுடைய வாசனையே அதற்குப் படுக்கையாயிற்று. உணவும் தண்ணீரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "பிஸ்மில்லாஹ்" சொல்லி வைப்பாள். அந்தக் குரல் கேட்டால் நல்லதுதான் வரும் என்று அது அறிந்துகொண்டது.

இரண்டாம் வாரத்தில் வாப்பும்மா ஒரு சிறு பை தைத்துக் கொடுத்தார். பழைய வாயில் சேலைத் துணிதான். நகம் சிக்காதபடி உள்ளே தையல் தெரியாமல் மடித்துத் தைத்தது. பகலில் பிராணி உறங்கும் வேளையில் அதை அந்தப் பையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடம் படிப்பாள். நெஞ்சின் துடிப்பும் உடம்பின் சூடும் துணி வழியே அதற்குப் போகும். முதலில் சிறிது நேரம் கத்தும். அவள் பையை வெளியிலிருந்து உள்ளங்கையால் மெல்ல அணைத்துக்கொள்வாள். சத்தம் நின்றுவிடும். தொழுகை நேரம் வந்தால் பையைக் கழற்றிக் கூட்டில் வைத்துவிட்டு, உடையையும் மாற்றிக்கொள்வாள். எச்சம் பட்ட உடையோடு தொழ முடியாதல்லவா? இப்படிப் பழக்குகிறவர்கள் அதற்கென்று ஒரு மேற்சட்டையைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இரவில் அவள் நுளம்பு வலையைக் கட்டி, ஓரங்களைப் பாய்க்கடியில் செருகி, மங்கலான விளக்கோடு உள்ளே அமர்ந்துகொள்வாள். பையின் வாயைத் திறந்து பக்கத்தில் வைப்பாள். அதைப் பிடிக்க மாட்டாள், கூப்பிடவும் மாட்டாள். தன் ஓதல் பாடத்தைத் தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டிருப்பாள். அது பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், உள்ளே ஓடும், மீண்டும் எட்டிப் பார்க்கும். சில நாட்களில் வலையில் ஏறியது. பிறகு அவள் முழங்காலைத் தாண்டி ஓடியது. மரத்தைத் தாண்டி ஓடுவது போலத்தான்!

இவ்வட்டாரத்தில் கித்துள் பாணிக்குக் குறைவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டுப் பாணியைத் தடவி அசையாமல் நீட்டினாள். மரச்சாற்றை நக்கி வாழும் பிராணிக்கு, மரச்சாற்றிலிருந்தே காய்ச்சிய பாணி கசக்குமா? நக்கியது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இனிப்பு என்பது நட்புக்கு ஒரு சொட்டு. அதுவே உணவாகிவிடக் கூடாது. பழமும் இனிப்பும் மட்டும் தின்று வளர்ந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு தளர்ந்து, பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். அவித்த முட்டை, பூச்சி போன்ற புரத உணவும் சுண்ணாம்புச் சத்தும் தவறாமல் வேண்டும்.

நாற்பது நாட்கள் போயிருக்கும். ஒரு நாள் இரவு அது வலையின் உச்சியிலிருந்து தோலை விரித்துப் பாய்ந்து, ஓதிக்கொண்டிருந்தவளின் தோளில் வந்து இறங்கியது. "மாமா, எனக்கு அழுகையே வந்துட்டு. ஆனா அசையல்ல" என்றாள்.

கூட்டமாய் வாழும் உயிர் தனியே இருந்தால் ஏங்கிப் போகும். சில வேளைகளில் தன் ரோமத்தைத் தானே பிடுங்கிக்கொள்ளும். இதை அறிந்த மச்சான் பிறகு அதற்கு ஒரு துணையையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே நாளில் ஒன்று சேர்க்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் வைத்து, ஒன்றின் துணியை மற்றதன் கூட்டில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். இங்கும் வாசனைதான் முதலில் ஸலாம் சொன்னது.

காற்றில் சாய்ந்த பலா மரம்

நான் போயிருந்தது சித்திரை மாதம். சப்ரகமுவவில் அக்காலத்தில் பிற்பகலானால் வானம் கறுத்து இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். மூன்றாம் நாள் அஸருக்குப் பின் அடித்த காற்றில் லயத்தின் பின்னாலிருந்த ஒரு கிழட்டுப் பலா மரம் சாய்ந்தது. மழை ஓய்ந்ததும் லயத்துப் பையன் ஒருவன் சாக்குத் துணியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "பாப்பா, ஒன்னோட அணிலு மாதிரியே ஒன்னு!"

உள்ளே இருந்தது ஒரு குட்டி. பழுப்பு ரோமம், பெரிய கண்கள், கை கால்களுக்கிடையே தோல் மடிப்பு. சிங்களத்தில் 'ஹம்பாவா' என்று சொல்லப்படும் பறக்கும் அணிலின் குட்டி அது. அது இந்த மண்ணின் உயிர்தான். அசல் அணில் இனம். வளர்ந்தால் வாலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும். பெரிய மரங்களின் பொந்துகளில் பகலெல்லாம் உறங்கி, இரவில் மரத்துக்கு மரம் மிதந்து செல்லும். பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் ஈனும்.

சுகர் கிளைடர் எங்கோ ஒரு கடலுக்கப்பால், ஹம்பாவா இங்கே. இரண்டும் வெவ்வேறு இனம். ஆயினும் இருவருக்கும் ஒரே சிறகை, ஒரே இரவை, ஒரே அச்சத்தை இறைவன் வழங்கியிருக்கிறான்.

என் மருமகளின் கை தானாகக் கழுத்துப் பைக்குப் போனது. அவளுக்கு இப்போது எல்லா வித்தையும் தெரியும். துணி, சூடு, குரல், பாணி... இன்னும் நாற்பது நாட்களில் இதுவும் அவள் தோளில் இருக்கும். மச்சான் தயங்கினார். "காட்டு மிருகத்த வீட்டுல வளர்க்க ஏலாது. சட்டம் இரிக்கி" என்றார். உண்மைதான், 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே வந்தது. ஆனால் பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "மாமா, அபூ உமைர் குருவி வளர்த்தார்தானே? நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

ஆம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் அபூ உமைர் ஒரு சின்னக் குருவி வைத்திருந்தார். அது இறந்துபோய் அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அன்போடு அக்குருவியைப் பற்றி அவரிடம் விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாபிஈ மார்க்க மேதை இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது பயன்களை எடுத்து ஒரு நூல் இயற்றியிருக்கிறார். உணவும் தண்ணீரும் கொடுத்து, துன்புறுத்தாமல் பறவையை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

நான் அவளுக்கு இன்னொன்றையும் நினைவூட்டினேன். அபூதாவூதில் வருவது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்துக்கொண்டு வந்தது. அதைக் கண்ட நபியவர்கள், இதன் குஞ்சுகளால் இதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள்.

"அபூ உமைருடைய குருவியைத் தேடி எந்தத் தாயும் வந்ததாக அந்த ஹதீஸில் இல்லை, மகள். இதற்குத் தாய் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்போம்" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. குட்டியைச் சாக்கோடு என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பையனின் பாட்டி முப்பது வருடங்களுக்கு மேல் பால் வெட்டியவர். விடியற்கால இருட்டில் மரங்களோடு பழகியவர். அவர்தான் வழி சொன்னார். "தாயி எங்கயும் போயிருக்காதுங்கய்யா. பக்கத்துலதான் தேடிக்கிட்டு இருக்கும். குட்டிய ஒரு மரத்துல ஒசரமா வச்சிட்டு, வெளிச்சத்த அணச்சிட்டு, சத்தமில்லாம இருந்தீங்கன்னா தூக்கிக்கிட்டுப் போயிரும். மனுசக் கூட்டம் நின்னா வராது."

ஓர் அட்டைப் பெட்டியில் தும்பும் காய்ந்த இலையும் பரப்பி, குட்டியை வைத்து, சாய்ந்த மரத்துக்கு அடுத்திருந்த மரத்தின் கிளையில் பையன் கட்டினான். பூனைகள் வராமல் அடிமரத்தில் தகரம் சுற்றினோம். மருமகள் உள்ளிருந்து வந்தாள். அவள் கையில் கையுறை. குட்டியின் மேல் தன் வாசனை படக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பெட்டியின் ஓரத்தை மட்டும் சரி செய்துவிட்டு, குட்டியைத் தொடாமல் திரும்பினாள். நெருங்குவதற்கு நாற்பது நாள் பழகிய அந்தக் கை, விலகி நிற்பதற்கு ஒரே நிமிடத்தில் பழகியது.

இஷாவுக்குப் பின் லயத்திலும் வீட்டிலும் விளக்குகளை அணைத்தார்கள். திண்ணையில் ஏழெட்டுப் பேர் மூச்சு விடாமல் இருந்தோம். மணி பத்தைத் தாண்டியது. மேலே நிலவொளியில் யாரோ ஒரு சால்வையை வீசியதைப் போல ஒரு நிழல் மிதந்து வந்து மரத்தில் ஒட்டியது. மெல்ல மேலேறியது. சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த நிழல் மீண்டும் விரிந்து இறப்பர் மரங்களுக்குள் போய் மறைந்தது. காலையில் பெட்டியில் தும்பு மட்டுமே இருந்தது.

எல்லாக் குட்டிக்கும் தாய் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. இரவு கழிந்தும் தாய் வராவிட்டால், அல்லது குட்டி காயப்பட்டிருந்தால், வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்துக்கு அறிவிப்பதே முறை.

யானைக் குட்டிகள் சொல்லும் பாடம்

சப்ரகமுவவில் இந்த இரு வழிகளையும் பெரிய அளவில் காட்டும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கேகாலைக்கு அருகில் றம்புக்கனைப் பாதையிலுள்ள பின்னவல. தாயை இழந்த யானைக் குட்டிகளுக்காக 1975இல் தொடங்கப்பட்ட சரணாலயம். மனிதக் கையால் புட்டிப்பால் குடித்து, மனிதரோடு பழகி, மகா ஓயாவில் குளித்து அங்கே வளர்ந்தன. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்த சமா என்னும் யானையும் அங்கேதான் அடைக்கலம் பெற்றது. காட்டுக்குத் திரும்ப முடியாதவற்றுக்கு மனிதனின் நட்பே காடு.

மற்றது, தென்கோடியிலுள்ள உடவளவை. நான் திரும்புமுன் தங்கச்சி குடும்பத்தோடு அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை வழியாக ஒரு நாள் பயணமாக அங்கே போய் வந்தோம். இறப்பர் குறைந்து தேயிலை வந்தது. தேயிலையும் முடிந்து எம்பிலிப்பிட்டிப் பக்கம் வறண்ட காற்று அடித்தது. 1995இல் அங்கே அமைக்கப்பட்ட யானைகள் இடைத்தங்கல் நிலையத்தில் அநாதைக் குட்டிகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். யாரும் தடவுவதில்லை, கொஞ்சுவதில்லை. பார்க்க வருபவர்கள் தூரத்து மேடையில்தான் நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் தம்முள் கூடித் திரிகின்றன. ஏறக்குறைய ஐந்து வயதானதும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை அவ்வாறு தம் இனத்தோடு சேர்ந்திருக்கின்றன.

பால் குடித்த குட்டிகள் திரும்பிப் பாராமல் புதருக்குள் ஓடுவதை மருமகள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இவங்க பாசமில்லாததால தடவாம இல்ல, என்ன?" என்றாள். "இல்லை மகள்" என்றேன்.

சகோதரிகளே! உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒரு செல்லப் பிராணி கேட்டு அடம் பிடிக்கலாம். வாங்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுகர் கிளைடர் கூட்டில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. பிள்ளை படித்து, மணமாகிப் போன பிறகும் அதைப் பார்ப்பது யார்? இரவில் விழிக்கும் உயிருக்கு இரவில் நேரம் கொடுக்க முடியுமா? துணையோடு வளர்க்க வசதி உண்டா? அதற்கு வைத்தியம் செய்யத் தெரிந்த மிருக வைத்தியர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? இவற்றுக்கு விடை இல்லையென்றால் வாங்காதிருப்பதே கருணை. ஏற்கெனவே வீட்டில் அஞ்சி ஒடுங்கிய உயிர் ஒன்று இருந்தால் இன்றிரவே தொடங்கலாம்: உடுத்திய பருத்தித் துணியில் ஒரு துண்டு, தாழ்ந்த குரல், மேலிருந்து நீளாத கை. நாற்பது நாள் என்பது ஒரு வீட்டின் கணக்கு. சில உயிர்களுக்கு அதைவிட இரு மடங்கும் ஆகலாம். அவசரம் நம்முடையதுதான், அதனுடையது அல்ல.